தண்ணீரின் பூர்வோத்தரம்

மழை எங்கிருந்து வருகின்றது என்று ஆரம்பப் பாடசாலைச் சிறுவனொருவனைக் கேட்பின், அவன் சற்றும் தயங்காது விடை பகர்வான். கடல்நீர் சூரிய வெப்பத்தால் ஆவியாகி மேலெழுந்து, மேகமாய்த் திரண்டு, மலையிற் குளிர்ந்து மழையாய்ப் பொழிந்து, ஆறாய் ஓடி மீண்டும் கடலையடைகின்றது என்பான். அவன் கூறுவது பொய்யன்று. ஆயினும், ஒரு பெருங் குடும்பத்தின் சரித்திரத்தைப் பிறந்தனர், வாழ்ந்தனர், மாண்டனர் என மூன்றே சொற்களில் முடித்துவிடுவதை அஃது ஒக்கும். எந்தக் கடலின் நீர்? எந்த மாதத்து மழை? ஆற்றை அடையுமுன் அது மண்ணினுள் எத்துணைக் காலம் தங்கிற்று? மரங்களின் வேர்வழி ஏறி, இலைவழி வெளிப்பட்டு, மீண்டும் வானஞ் சென்றது எவ்வளவு? நாம் இன்று இறைக்குங் கிணற்றுநீர் ஆனிச் சாரலிற் பெய்ததோ, ஐப்பசி அடைமழையிற் பெய்ததோ? இவ்வினாக்களுக்குப் பாடப்புத்தகத்து வட்டப்படம் விடை கூறாது.

விடை தண்ணீருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் படிக்கும் முறையும் அறிஞர்களால் கண்டறியப்பட்டு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அங்ஙனமிருந்தும், நம்மவர் மழையின் அளவை மட்டும் குறித்து வைத்து, அதன் பூர்வோத்தரத்தைக் குறிக்காது விடுகின்றனர். வந்த விருந்தினர் இத்துணையர் என எண்ணி வைத்து, அவர் எவ்வூரார், எவ்வழி வந்தார் என்பதை வினவாது அனுப்புதல் போன்றது இது. இக்குறையை நீக்குதற்கு நம்முடையன போன்ற கலாசாலைகள் முன்வருதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்பும் கருத்து. அதன் பொருட்டு, அம்முறை இன்னதென்பதை முதற்கண் சிறிது விளக்குவாம்.

உலகிலுள்ள தண்ணீரெல்லாம் ஒரே தன்மையது என்றே பலரும் கருதுகின்றனர். ஹைட்ரஜன் இரண்டு பங்கும் பிராணவாயு ஒரு பங்கும் கூடியது தண்ணீர் என்று ரஸாயன நூலும் ஒரே சூத்திரத்தால் அமைத்துக் கூறும். ஆனால் ஒரே மூலகத்தின் அணுக்களிலேயே எடையால் வேறுபட்டன உண்டு. மூலக அட்டவணையில் இவை யாவும் ஓரிடத்திலேயே அமர்வனவாதலின், 1913-ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸாடி என்னும் ஆங்கில அறிஞர் இவற்றை ஐசோடோப்பு என்னும் பெயரால் வழங்கினார். தமிழில் ஓரிடத்தான் என்பர். 1929-இல் அமெரிக்க அறிஞராகிய ஜியாக், ஜான்ஸ்டன் என்னும் இருவர், 16 எடையுள்ள சாதாரணப் பிராணவாயுவோடு 17, 18 எடையுள்ளனவும் கலந்திருத்தலை வெளிப்படுத்தினர். 1931-இல் ஹாரால்டு யூரி என்பார், சாதாரண ஹைட்ரஜனைப்போல் இருமடங்கு கனமுள்ள ஹைட்ரஜனைத் தம் துணைவரோடு கண்டறிந்து, அதற்காக 1934-இல் நோபெல் பரிசு பெற்றார். கடல்நீரில் பதினாயிரம் மூலக்கூறுகளை எடுத்து எண்ணக்கூடுமாயின், அவற்றுள் ஏறத்தாழ 9,973 சாதாரணமானவை. 20-இல் பதினெட்டெடைப் பிராணவாயுவும், 4-இல் பதினேழெடைப் பிராணவாயுவும், 3-இல் கன ஹைட்ரஜனும் இருக்கும். இவை கதிர்வீசிச் சிதைவன அல்ல, என்றும் நிலைத்திருப்பன. இவற்றால் குடிப்பவருக்கு யாதொரு தீங்குமில்லை.

இச்சிறுபான்மையோரே நமக்குத் தூதர். நெல்லை முறத்திலிட்டுப் புடைக்கும்போது, இலேசான பதர் முன்னே பறக்க, கனத்த மணி பின்னே தங்குகின்றதன்றோ? அவ்வாறே நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்தி எழ, கனத்தவை பிந்தி நிற்கின்றன. 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில், நீரோடு சமநிலையிலுள்ள ஆவியானது, அந்நீரைவிடக் கனப் பிராணவாயுவில் ஆயிரத்துக்கு ஒன்பதுக்குச் சற்று மேற்பட்டும், கன ஹைட்ரஜனில் ஆயிரத்துக்கு எண்பதுக்குச் சற்றுக் குறைந்தும் வறுமையுற்றிருக்கும். ஆவி மீண்டும் துளியாகும்போது இதற்கு மாறாக நிகழும். கனத்தவை முந்தி இறங்கிவிடும். ஆகவே கடலோரத்தில் பெய்யும் முதல் மழை கனத்தது. எஞ்சிய மேகம் உள்நாட்டிற் புகப்புக, மலைமேல் ஏறவேற, துருவத்தை நோக்கிச் செல்லச்செல்ல, அதன் மழை மேன்மேலும் இலேசாகின்றது. அன்டார்க்டிகாவின் உட்பகுதிப் பனியில் கனப் பிராணவாயுவின் விகிதம் கடல்நீரிலுள்ளதினும் ஆயிரத்துக்கு ஐம்பதுக்கு மேற்படக் குறைந்திருக்கும். வெப்ப மண்டலத்தில் மழை மிகுதியாகப் பெய்யுமிடத்தும் இலேசாதல் காணப்படும். இங்ஙனம் ஒவ்வொரு துளியும் தான் கடந்துவந்த வழியின் முத்திரையைத் தாங்கியே வந்து விழுகின்றது.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் மிக எளியது. 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில், வில்லி டான்ஸ்கார்ட் என்னும் இளம் அறிஞர், ஒரு பீர்ப் புட்டியில் புனலொன்றைச் செருகித் தம் தோட்டத்தில் வைத்து, பெய்த மழையைப் பகுதி பகுதியாகப் பிடித்து அளந்தார். ஒரே மழையினுள்ளும் விகிதம் மாறுவதைக் கண்டார். அப்புட்டியிற் பிறந்த எண்ணமே பின்னர் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தைத் துளைத்துப் பண்டைய வெப்பநிலைகளைப் படிக்கச் செய்தது. காம்ப் செஞ்சுரி என்னுமிடத்தில் 1966-இல் அடித்தளம் வரை, சுமார் 1,390 மீட்டர் ஆழத்திற்குத் துளைக்கப்பட்ட பனித்தூண், நூறாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட சரித்திரத்தைக் கூறிற்று. 1961-இல் ஹார்மன் கிரெய்க் என்னும் அமெரிக்கர், உலகின் பல பாகங்களினின்றும் திரட்டிய ஏறத்தாழ 400 நீர்களை ஆராய்ந்து, மழையிலிருந்து வந்த நீர்கள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் அமைதலைக் காட்டினார். கனப் பிராணவாயுவின் மாறுதலை எட்டாற் பெருக்கிப் பத்தைக் கூட்டின் கன ஹைட்ரஜனின் மாறுதல் கிடைக்கும் என்பதே அக்கோட்டின் விதி. திறந்த ஏரியிற் கிடந்து வெயிலாற் சுண்டிய நீரோ, இக்கோட்டினின்று விலகி, எட்டுக்குப் பதில் ஐந்தளவான சரிவுள்ள வேறொரு கோட்டிற் செல்லும். ஆதலின், ஒரு நீர் மழையாக விழுந்து உடனே மண்ணுட் புகுந்ததா, வெயிலிற் காய்ந்து பின் புகுந்ததா என்பதையும் அதன் முகத்திலிருந்தே அறியலாம்.

இனி, இம்முறையாற் பெற்ற பயன் யாது என்பதைப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில், அட்லாண்டிக் கடலினின்று வரும் மேகம் மேற்கு நோக்கி நெடுந்தூரம் செல்லுகின்றது. வழிநெடுகப் பெய்துகொண்டே போவதால் அதன் மழை விரைவில் இலேசாகிவிடல் வேண்டும். 1979-இல் எனியாஸ் சலாட்டி என்பாரும் அவர் துணைவரும் அளந்து பார்த்தபோது, எதிர்பார்த்த அளவு இலேசாகவில்லை. காரணம் யாது? மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை, அதன் விகிதம் பெரும்பாலும் மாறாமலே, இலைவழி வானத்திற்குத் திருப்பித் தருகின்றன. விழுந்த கனமூலக்கூறுகள் மீண்டும் மேகத்திற் சேர்கின்றன. அந்நிலப் பகுதியில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அந்நிலமே மீட்டுக் கொடுத்த நீராகும் என்று அவர்கள் கணித்தனர். காடு மழையை வாங்குவது மட்டுமன்று, கொடுப்பதும் ஆம் என்பது இதனாற் புலனாயிற்று. கிழக்கே மரத்தை வெட்டுவோன் மேற்கே உள்ளவனுடைய மழையில் கை வைக்கின்றான் என்பது, இனி உபசாரச் சொல்லன்று, அளந்தறிந்த விஷயமாகும்.

மற்றோர் உதாரணம் காண்க. அடைமழையில் ஆறு பெருகினால், அப்பெருக்கு அம்மழையின் நீரே என்பது யாவர்க்கும் இயல்பாகத் தோன்றும். மண் குடிக்க மாட்டாத மழையே வெள்ளமாக ஓடுகின்றது என 1933-இல் ஹார்ட்டன் என்னும் அமெரிக்கப் பொறியறிஞர் கூறிய கொள்கை நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஒரு கணக்குச் செய்வோம். மழைக்கு முன் ஆற்றின் விகிதம் ஆயிரத்துக்கு எட்டுக் குறைவு, பெய்த மழையின் விகிதம் நான்கு குறைவு, பெருக்கின்போது ஆற்றின் விகிதம் ஏழு குறைவு எனக் கொள்வோம். எட்டிலிருந்து நான்குக்குப் போகவேண்டிய தூரத்தில் ஆறு காற்பங்கே நகர்ந்திருக்கின்றது. ஆகவே அப்பெருக்கிற் புதுமழை காற்பங்கு. முக்காற் பங்கு முன்னரே மண்ணினுள் இருந்த பழைய நீர். பால்காரர் கலந்த தண்ணீரைக் கண்டுபிடிப்பதைப் போன்றதே இக்கணக்கு. இவ்வகையில் 1979-இல் ஸ்கிளாஷ், பார்வோல்டன் என்னும் இருவர் கனடாவில் ஆராய்ந்து, பெருக்கிற் பெரும்பகுதி பழைய நிலத்தடி நீரே எனக் காட்டினர். புதுமழை மண்ணிற் புகுந்து நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தி, முன்னிருந்த நீரை ஆற்றுக்குத் தள்ளுகின்றது. எல்லா ஆற்றுக்கும் இஃது ஒத்ததன்று; பாறை நிலத்திலும், கல்லும் சிமெண்டும் மூடிய நகரத்திலும் புதுநீரே மிகுந்து ஓடலாம். எனினும் இதிலுள்ள படிப்பினை பெரிது. இன்று வயலிலிட்ட உரமும் ஆலையினின்று வடிந்த நஞ்சும் இன்றே ஆற்றில் தோன்றாமற் போயின் தீங்கில்லை என்று மகிழ்தற்கில்லை. மண் அதனைக் கடன்பத்திரம்போல் காத்து வைத்திருந்து, பல மாதங் கழித்தோ பல வருஷங் கழித்தோ வட்டியுடன் நீட்டும்.

இன்னும் வியப்பானதொன்று. 1991-இல் டாஸன், ஏளெரிங்கர் என்னும் இருவர், அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஓடைக்கரை மரங்களின் சாற்றை ஆராய்ந்தனர். காலடியில் ஓடை சலசலத்து ஓடியிருக்க, முதிர்ந்த மரங்கள் அந்நீரைச் சிறிதும் பருகாது, ஆழத்து நிலத்தடி நீரையே பருகி வந்தமை தெரிந்தது. கண்ணாற் கண்டதே பிரமாணம் என்பாருக்கு இம்மரங்கள் தக்க ஆசிரியராகும்.

நிற்க. இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள். நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். இம்முறை மிகுதியும் பயன்படத்தக்க நாடுகளுள் நம்முடையதும் ஒன்று என்பது எம் துணிபு. ஏனெனில், தென்னிந்தியாவிற்கு இருவேறு பருவமழைகள் உண்டு. அரபிக் கடற்பக்கமிருந்து வரும் தென்மேற்குப் பருவமழையும், வங்கக் கடற்பக்கமிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே முத்திரை உடையன அல்ல. பின்னது பொதுவாக இலேசானது. அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தென்னிந்தியாவின் ஆழமில்லாக் கிணற்றுநீர், மேற்குப் பக்கத்தினும் கிழக்குப் பக்கத்தில் இலேசாயிருத்தலைக் காட்டி, இரு பருவமழைகளின் வேற்றுமையை அதற்குக் காரணமாகக் கூறினர். எனவே, ஒரு கிணறு எம்மழையால் ஊறுகின்றது என்பதை வழக்காடித் தீர்க்கவேண்டுவதில்லை, வினவியே அறியலாம்.

அன்றியும், நம் நாடு ஏரிகளின் நாடு. ஊருக்கு மேற்கே ஏரி, அதன் கீழே வயல், வயலின் நடுவே கிணறுகள் என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. இன்று பல ஏரிகள் தூர்ந்தன, சில மனைகளாயின. ஏரியால் யாருக்கு என்ன பயன், கிணறும் பம்பும் இருக்கின்றனவே என்பாரும் உளர். ஏரிநீர் வெயிலிற் கிடந்து சுண்டியதாதலின் அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு என முன்னரே கூறினோம். அவ்வடையாளம் ஆயக்கட்டுக் கிணற்றுநீரிலும் காணப்படுமாயின், அக்கிணற்றின் தாய் அவ்வேரியே என்பது வெளிப்படை. ஏரியை மூடுவோர் தம் கிணற்றையே மூடுகின்றனர் என்பதை வாதத்தாலன்றி அளவையால் நிலைநாட்ட இதனினும் சிறந்த சாட்சி யாது?

கடற்கரைக் கிணறுகளின் உப்பும் இத்தகையதே. சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில், அளவிறந்து நீரிறைத்தமையால் கடல்நீர் நிலத்தினுட் புகுந்தது என்பது பலரும் அறிந்தது. ஆனால் உப்புக் கரித்த கிணறெல்லாம் கடலாற் கெட்டதன்று. பாய்ச்சிய நீர் வெயிலிற் சுண்டி உப்பு மிகுதல் ஒன்று. மண்ணிலுள்ள உப்புக் கரைதல் மற்றொன்று. மூன்றும் நாவுக்கு ஒரே கரிப்பு. எனினும் கடல் கலந்த நீரின் விகிதம் கடலை நோக்கி நேரே செல்லும். சுண்டிய நீர் தன் தனிக்கோட்டிற் செல்லும். உப்பு மட்டும் கரைந்த நீரில் விகிதம் மாறாது. நோய் மூன்றாயின் மருந்தும் மூன்றாம். இறைப்பைக் குறைக்கவேண்டிய ஊரில் வடிகால் வெட்டுவதும், வடிகால் வெட்டவேண்டிய ஊரில் இறைப்பைத் தடுப்பதும், நோயறியாது மருந்து கொடுப்பதேயாகும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் தகாது. இலேசான ஒரு மழை, நெடுந்தூரம் வந்தமையாலும் இலேசாகலாம். மிகுதியாகப் பெய்தமையாலும் இலேசாகலாம். ஒரே முகம் இரு கதைகளைக் கூறும்போது, காற்றின் திசை, நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவு, நீர்மட்டத்தின் ஏற்றத் தாழ்வு முதலிய பிற சாட்சிகளையும் விசாரித்தே தீர்ப்பளித்தல் வேண்டும். நிலத்தடி நீரின் வயதை ஆண்டுக் கணக்கில் அறிய, கதிர்வீசும் வேறு ஓரிடத்தான்களின் துணை வேண்டும். எங்கிருந்து வந்தது என்பதற்கு இது விடை தரும். எவ்வளவு வந்தது என்பதற்கு மழைமானியும் ஆற்றளவையும் இன்றியமையாதன. ஒரு சாட்சி எல்லாவற்றையும் கூறவில்லை என்பதற்காக அச்சாட்சியைக் கூப்பிடாதே விடுதல் நீதியன்று.

செலவு பெரிது என்பாருக்கும் விடையுண்டு. முற்காலத்தில் இவ்விகிதத்தை அளக்கப் பெரும்பொருள் வேண்டுங் கருவிகளும் பயின்ற வல்லுநரும் வேண்டியிருந்தது. 2000-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் லேசர் ஒளிகொண்டு அளக்குங் கருவிகள் தோன்றியபின், வேலை எளிதாயிற்று. ஆயின் எத்துணைச் சிறந்த கருவியும், சேமிக்கப்படாத மழையை அளக்கமாட்டாது. சென்ற ஆண்டின் மழையை எவ்வளவு பொருள் கொடுத்தும் இனி வாங்க முடியாது. சேமித்தலே முதல் வேலை. அதற்கு வேண்டுவது பணமன்று, ஒழுங்கு.

இவ்விடத்திலேதான் கலாசாலையின் கடமை தோன்றுகின்றது. சர்வதேச அணுசக்தி நிறுவனமும் உலக வானிலை ஸ்தாபனமும் சேர்ந்து 1961 முதல் உலகெங்கும் மாதந்தோறும் மழைநீரைத் திரட்டி அளந்து வருகின்றன. அதன் முறையை எம்மாணவரும் கைக்கொள்ளலாம். மழைநீர் சேருங் கலத்தில் ஆவியாகாமற் காக்கச் சிறிது பாரபின் எண்ணெயை மிதக்கவிடுதல், மாதக் கடைசியில் அளவைக் குறித்தல், எண்ணெய் கலவாது நீரைச் சிறு புட்டியில் காற்றிடமின்றி நிரப்பி இறுக மூடுதல், நாளும் இடமும் எழுதி ஒட்டுதல், அளக்கும் வசதியுள்ள ஆராய்ச்சிச் சாலைக்கு அனுப்புதல், இவ்வளவே. ஒரு மாதத்துப் புட்டி ஒன்றுங் கூறாது. பத்தாண்டுப் புட்டிகள் வரிசையாக நிற்குமாயின், அவை கூறுவதை எவராலும் மறுக்க இயலாது. தனி மனிதர் பத்தாண்டு ஒரு வேலையை ஒரே இடத்திற் செய்தல் அரிது. மாணவர் மூன்றாண்டில் சென்றுவிடுவர். ஆசிரியரும் ஓய்வு பெறுவர். கலாசாலையோ நிலைத்து நிற்கும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்குதல் அதன் இயல்பு. நெடுங்காலக் கணக்கெழுதுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

பழைய மாணவர்களுக்கும் இதிற் பங்குண்டு. அவர்கள் நீலகிரி முதல் இராமநாதபுரம் வரை, மலையிலும் சமவெளியிலும் கடற்கரையிலும் பரந்து வாழ்கின்றனர். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிணற்றிலிருந்து, கோடையில் ஒருமுறையும் மழைமுடிவில் ஒருமுறையும், ஒரு சிறு புட்டி நீரைத் தம் பழைய கலாசாலைக்கு அனுப்புவாராயின், சில ஆண்டுகளில் இம்மாகாணத்து நீரின் வம்சாவளியே நம் கையில் இருக்கும். நினைவு மலருக்குச் சந்தா அனுப்புதலினும் இஃது உயர்ந்த காணிக்கை என யாம் கருதுகின்றோம்.

நீரைப்பற்றி நாடெங்கும் வழக்குகள் நடக்கின்றன. மேலூரான் கீழூரானையும், நகரத்தான் கிராமத்தானையும், மாகாணம் மாகாணத்தையும் குறை கூறுகின்றன. எங்கள் நீர், உங்கள் நீர் என்னுஞ் சொற்கள் மலிந்துவிட்டன. ஒரு துளி நீரின் உண்மையான பூர்வோத்தரத்தை அறிந்தவர் அச்சொற்களை இத்துணை எளிதாகக் கூறமாட்டார். அது தூரத்துக் கடலில் எழுந்து, அயலான் காட்டில் ஒருமுறை விழுந்தெழுந்து, பிறர் ஏரியில் தங்கி, நம் கிணற்றில் ஊறி நிற்கின்றது. அறிவு வழக்கை ஒழித்துவிடும் என்று யாம் கூறவில்லை. ஆனால் அறிந்து வழக்காடுவோர் அறியாது வழக்காடுவோரினும் விரைவில் உடன்பாட்டிற்கு வருவர் என்பது ஒருதலை. அவ்வறிவிற்கு வேண்டிய முதற்புட்டியை, வரும் ஐப்பசி மழைக்குள் நம் கலாசாலை விஞ்ஞானக் கூடத்தின் மேல்மாடியில் வைப்போமாக.